உயரம் என்றாலே பயம். ஸ்பெயினின் காமினிடோ டெல் ரே நடைபாதையில் போகலாமா? வழிகாட்டி தேவையா?

கேள்வி கேட்டவர் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும் என்று எழுதியிருக்கிறார். கணவருக்கும் பத்து வயது மகனுக்கும் போக ஆசை. தானும் சேர்ந்து போகலாமா, வழிகாட்டியோடு போகக் கூடுதலாகப் பணம் கட்டுவது வீணா என்பது கேள்வி.

போங்கள். வழிகாட்டியோடு போங்கள். எனக்கும் இதே பயம் உண்டு. சிறு வயதில் மொட்டை மாடிக்குப் போனால் நடுவிலேயே நிற்பேன், கைப்பிடிச் சுவர் பக்கம் போகமாட்டேன். அப்படிப்பட்ட நான் என் அக்காவோடு ஓர் அக்டோபர் மாதம் அந்தப் பாதை முழுவதும் நடந்தேன். வழிகாட்டி இல்லாமல் போயிருந்தால் முதல் வளைவிலேயே திரும்பியிருப்பேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. ஸ்பெயினின் தெற்கே, மாலகா மாகாணத்தில், குவாதலோர்சே ஆறு சுண்ணாம்புக்கல் மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த மலையிடுக்குக்குப் பெயர் கைத்தானெஸ். செங்குத்தான பாறைச் சுவரில் ஆற்றுக்குச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஒட்டிவைத்த மாதிரி ஒரு பலகைப் பாதை போகிறது. ‘காமினிடோ டெல் ரே’ என்றால் அரசரின் சிறு பாதை. வடக்கே ஆர்தாலெஸ் பக்கம் தொடங்கி, தெற்கே எல் சோரோ என்ற சிற்றூரில் முடியும். மொத்தம் 7.7 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி சாதாரண மண்பாதைதான். பலகைப் பாதை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் மட்டுமே. இந்தக் கணக்கை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், கிளம்புவதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பாதையின் அமைப்பே நம் பயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கம் கொடுக்கிறது. சாலையிலிருந்து ஒரு சிறு சுரங்க வழியாக நுழைந்து, பைன் மரங்களுக்கிடையே நீர்த்தேக்கத்தை ஒட்டி நடக்கிறீர்கள். சோதனைச் சாவடியில் ஹெல்மெட் கொடுக்கிறார்கள், கட்டாயம் போட வேண்டும். அதன்பின் முதல் இடுக்கு. இரண்டு பக்கச் சுவர்களும் மிக நெருக்கமாக, சில இடங்களில் பத்து மீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. எதிர்ச்சுவர் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் உயரம் அவ்வளவாக உறைக்காது. அது முடிந்ததும் இடுக்கு விரிந்து ஓயோ பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே தரையில் கால் வைத்து, மரநிழலில் நிதானமாக நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், மூச்சு விடலாம். இரண்டாவது இடுக்குதான் உண்மையான உயரம். அதன் கடைசியில் தொங்குபாலம்.

உயரத்தில் தலை சுற்றுவது கோழைத்தனம் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் நேராக நிற்பதற்குக் கண் பெரிய உதவி செய்கிறது. பக்கத்தில் இருக்கும் பொருள்களைப் பார்த்து, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது கணக்குப் போடுகிறது. கண்ணுக்கு எட்டியதெல்லாம் நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தால் அந்தக் கணக்குக்குப் பிடிப்புக் கிடைப்பதில்லை. உடம்பு லேசாக ஆடுகிறது, அந்த ஆட்டம் நமக்குத் தெரிய வரும்போது பயம் இன்னும் ஏறுகிறது. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண்மணி பலகையில் கால் வைப்பதற்கு முன்பே இதைத் தன் வார்த்தைகளில் சொன்னார். பயம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார். இருபத்தைந்து பேரில் நான்கு கைகள் உயர்ந்தன. எங்களைத் தனக்கு அடுத்தபடியாக நடக்கச் சொன்னார். ஒரு கை எப்போதும் பாறைச் சுவரில் இருக்கட்டும், கண் பக்கத்துப் பாறையில் இருக்கட்டும், கீழே பார்க்க வேண்டுமானால் முதலில் நில்லுங்கள், நின்றபின் பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள் என்றார். அன்று முழுக்க நான் பிடித்துக்கொண்டது இந்த மூன்றும்தான்.

வழிகாட்டியின் குரல் காதில் மாட்டிய சிறு ஒலிக்கருவி வழியாக வருகிறது. அதனால் அவர் இருபது அடி முன்னால் இருந்தாலும் காதோடு பேசுகிற மாதிரி இருக்கும். பயந்துபோனவனுக்கு அது பெரிய துணை. குழு நிற்கும்போது நாமும் நிற்கிறோம். பின்னால் வருபவர் அவசரப்படுத்துகிறாரோ என்ற கவலை இல்லை.

அவர் சொன்ன கதைதான் என் பயத்தை வேறு பக்கம் திருப்பியது. இந்தப் பாதையை யாரும் வேடிக்கைக்காகப் போடவில்லை. ஆறு இந்த இடுக்குக்குள் சரிந்து இறங்குவதைப் பயன்படுத்தி மின்சாரம் எடுக்க நினைத்த ஒரு நிறுவனம், மேலேயிருந்து கீழே இருக்கும் மின் நிலையத்துக்கு வாய்க்கால் வெட்டியது. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளவும் சாமான்களை எடுத்துப்போகவும் தொழிலாளர்களுக்கு ஒரு வழி வேண்டும் அல்லவா? அதற்காக 1901 முதல் 1905 வரை கட்டியதுதான் இந்தப் பாதை. ஒரு மீட்டர் அகலம்தான். தொழிலாளர் குடும்பங்களும் இதில் நடந்தார்கள். 1921-ல் மேலே கட்டிய அணையைத் திறந்துவைக்க மன்னர் 13-ஆம் அல்ஃபோன்சோ வந்தார். ‘அரசரின் பாதை’ என்ற பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால் வாய்க்கால்காரர்களின் பாதை என்று பெயர் வைத்திருக்க வேண்டும். அரசர் வந்தது ஒரு முறை, அவர்கள் தினமும் நடந்தார்கள்.

காலப்போக்கில் பராமரிப்பு நின்றுபோய், கான்கிரீட் உதிர்ந்து, பல இடங்களில் வெறும் இரும்புத் துண்டுகள் மட்டும் பாறையில் நீட்டிக்கொண்டு நின்றன. அப்போதும் சாகசக்காரர்கள் போனார்கள். 1999-லும் 2000-லும் உயிர்கள் போயின. அதன்பின் இரு முனைகளிலும் வழியை அடைத்துவிட்டார்கள். மாலகா மாகாண நிர்வாகம் புதிய பாதை போட்டு 2015 மார்ச்சில் திறந்தது. மலையேறத் தெரிந்த வேலையாட்கள் கயிற்றில் தொங்கியபடி பாறையில் துளையிட்டார்கள், சாமான்கள் ஹெலிகாப்டரில் வந்தன. இப்போது நாம் நடக்கும் பலகைகளைப் பாறைக்குள் ஆழமாக இறக்கிய எஃகுக் கம்பிகள் தாங்குகின்றன. வெளிப்பக்கம் கம்பி வடங்கள் இழுத்துக் கட்டிய கைப்பிடி.

பழைய பாதை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பல இடங்களில் நம் காலுக்கு நேர் கீழே, ஓட்டையும் உடைசலுமாகத் தெரியும். முதல் தடவை பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அக்கா திரும்பி, “டேய், கீழே பார்க்காதே, என் பையையே பார்த்துக்கிட்டு வா” என்றாள். வழிகாட்டி வேறு விதமாகச் சொன்னார். நன்றாகப் பாருங்கள், அதில் நடந்தவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது, தோளில் சுமை வேறு, நீங்கள் நிற்கும் பலகை எவ்வளவு திடமாக இருக்கிறது என்று காலால் அழுத்திப் பாருங்கள் என்றார். அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. ஏனோ அதற்கப்புறம் அந்தப் பழைய பாதையைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பாறையையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். முதல் இடுக்கில் சுவரில் பானை வயிறு மாதிரி வழவழப்பான குழிவுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆறு அந்த உயரத்தில் ஓடியபோது, சுழலில் சிக்கிய கற்கள் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை. இப்போது ஆறு எங்கோ கீழே கிடக்கிறது. இரண்டாவது இடுக்கில் பாறை அடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன, புத்தகங்களை அலமாரியில் நிறுத்திவைத்த மாதிரி. டைனோசர்கள் இருந்த ஜுராசிக் காலத்தில் கடலடியில் படுக்கையாகப் படிந்த அடுக்குகளை நிலத்தின் நெருக்கம் மடித்து நிமிர்த்திவிட்டது. ஓரிடத்தில் பாறைச் சுவரில் சுருள் வடிவத்தில் ஒரு புதைபடிவம், அம்மோனைட் என்னும் கடலுயிர். தனியாகப் போயிருந்தால் கம்பியைப் பிடித்தபடி அதைத் தாண்டிப் போயிருப்பேன். தலைக்கு மேலே பெரிய பாறு கழுகுகள் இறக்கை அசைக்காமல் வட்டமிட்டன. அவற்றைப் பார்க்க அண்ணாந்தபோது, நான் எங்கே நிற்கிறேன் என்பதையே மறந்திருந்தேன்.

சரி, கடினமான இடங்கள். வெளியே நீட்டிய கண்ணாடித் தளம் ஒன்று இருக்கிறது. கட்டாயம் இல்லை, ஏறாமல் போகலாம். நான் ஏறவில்லை, அக்கா ஏறினாள். தொங்குபாலத்தை மட்டும் தவிர்க்க முடியாது. ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், ஆற்றுக்கு 105 மீட்டர் உயரம். தளம் இரும்புச் சல்லடை, கீழே எல்லாம் தெரியும், ஆட்கள் நடக்க நடக்க லேசாக ஆடும். காற்றும் அங்கேதான் அதிகம். ஒரே நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். பக்கத்திலேயே தண்ணீர் கொண்டுபோன பழைய பாலம் ஒன்று நிற்கிறது. வழிகாட்டி அதைக் காட்டி, அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு வாருங்கள், நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன் என்றார். ஐம்பது அறுபது காலடிதான் இருக்கும். கடந்து முடித்ததும் கை விரல்களில் கம்பியின் தடம் பதிந்திருந்தது. பாலத்தில் தனக்கும் கால் நடுங்கியது என்று அக்கா ரயிலில் திரும்பும்போதுதான் சொன்னாள். அதுவரை மூச்சே விடவில்லை.

பாலத்துக்கு அப்புறம் வெயில் படும் சுவரில் படிக்கட்டுகளாகப் பாதை இறங்குகிறது. அது எனக்குப் பாலத்தைவிட எளிதாக இருந்தது. முடிந்ததும் எல் சோரோ வரை இரண்டு கிலோமீட்டர் அளவு நடை.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பாதை ஒருவழிதான், வடக்கே நுழைந்தால் தெற்கே வெளியேற வேண்டும். உயரத்தில் உடம்பு விறைத்து, ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாமல் போன அனுபவம் உங்களுக்கு இருந்தால் போக வேண்டாம். உள்ளங்கால் கூசும், நெஞ்சு படபடக்கும், ஆனால் நடக்க முடியும் என்ற அளவில் இருந்தால் தாராளமாகப் போகலாம். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகையாகத்தான் தெரிகிறது.

பணம் பற்றி: நாங்கள் போனபோது சாதாரணச் சீட்டு 10 யூரோ, வழிகாட்டியோடு 18 யூரோ. அந்த 8 யூரோவை நான் அந்தப் பயணத்தில் செலவழித்த மற்ற எதையும்விட மதிக்கிறேன். சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. காற்றோ மழையோ பலமாக இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள், அதனால் அதற்கடுத்த நாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் போட்டிருக்கும் நேரம் சோதனைச் சாவடிக்கு உரியது, சாலைக்கு உரியதல்ல. சாலையிலிருந்து சாவடிக்குக் குறுக்கு வழியில் போனாலே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், இன்னொரு வழி 2.7 கிலோமீட்டர். ரயிலில் எல் சோரோவில் இறங்கினால், அங்கிருந்து வடக்கு முனைக்குப் பேருந்து உண்டு, அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. செருப்பு வேண்டாம், பாதத்தை மூடும் ஷூ போடுங்கள். பெரிய பையை விட்டுவிட்டு, தண்ணீரும் தொப்பியும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியை இடுக்குக்குள் போனதும் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மகனுக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் அனுமதி உண்டு, ஆனால் வயதைக் காட்ட அவனுடைய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அவனைக் கணவரோடு விட்டுவிட்டு, நீங்கள் வழிகாட்டிக்கு அடுத்ததாக நடங்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு போக நினைக்க வேண்டாம், உங்களுக்கு அந்தக் கை பாறைக்குத் தேவைப்படும்.