இந்த ஆண்டு படித்த வரலாற்று, பயண நூல்களில் ஒரு நாவலாசிரியராக உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை?

முதலிடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்புக்குத்தான். இரண்டாம் இடத்துக்குப் போட்டி உண்டு, முதலிடத்துக்கு இல்லை.

பள்ளியில் இது ஒரு மதிப்பெண் வினா. "நாட்குறிப்பு எழுதியவர் யார்?" என்று கேட்பார்கள், பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் 25 ஆண்டுகளின் புதுச்சேரி முழுசாகக் கிடக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை, பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான ஒருவர், தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொண்டே போகிறார். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, யாருக்கு மரியாதையாக எத்தனை பீரங்கி போட்டார்கள், துரை யார் பேரில் கோபமாக இருக்கிறார், சோதிடர் என்ன சொன்னார், எவன் எவன் காதில் ஓதினான் என்று எதையும் விடுவதில்லை. பன்னிரண்டு தொகுதிகள். எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தேன் என்று புளுக மாட்டேன். சரக்குக் கணக்கு வரும் பக்கங்களை வேகமாகத்தான் தள்ளினேன்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது? எழுதுகிற மனிதருக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துரை டூப்ளே இந்தியாவில் பெரிய சாம்ராஜ்யம் கட்டப்போகிறாரா, அவமானப்பட்டு ஊருக்குத் திரும்பப்போகிறாரா என்பது நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னைப்பட்டணத்தைப் பிடிக்கிறார். பிடித்த கோட்டையைப் பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதா, நாமே வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் டூப்ளேவுக்கும் மூண்ட சண்டையைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். பிள்ளையின் குறிப்புகளில் அது நாள் நாளாக வளர்கிறது. கடிதம் வருகிறது, வதந்தி வருகிறது, துரையின் முகம் மாறுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தால் தமக்கு நல்லது என்று பிள்ளையும் உள்ளூரக் கணக்குப் போடுகிறார். நான் நானூறு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டாலும் வராத பதற்றம், அவருக்குத் தேதி போட்டதும் வந்துவிடுகிறது.

1748 செப்டம்பர்க் குறிப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார். அந்தக் குழப்பத்தைச் சாக்காக வைத்து, பாதிரிமார் பல காலமாகக் கண்வைத்திருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை இடிக்கிறார்கள். பிள்ளை ஊரிலேயே செல்வாக்கு மிக்க தமிழர், துரைக்கு நெருக்கமானவர். ஆனாலும் தடுக்க முடியவில்லை. டூப்ளேவின் மனைவியைத் திட்டி எழுதுகிறார், பாதிரிமாரைத் திட்டுகிறார், ஊர்ப் பெரியவர்கள் ஒன்றுகூடி நிற்கவில்லை என்று குறைப்படுகிறார். தாம் ஏன் இதற்குமேல் போகவில்லை என்பதற்கும் காரணம் தேடுகிறார். அடுத்தடுத்த குறிப்புகளில் மறுபடியும் துரை, மறுபடியும் கம்பெனிக் காரியம். அந்தக் குற்றவுணர்ச்சியைக் கற்பனையில் உருவாக்க எனக்கு எத்தனை வரைவு பிடிக்கும் என்று தெரியவில்லை. பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் இந்தச் சுரங்கத்திலிருந்துதான் எடுத்தார். ஆனால் நாவலைப் படித்துவிட்டோம், குறிப்பு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். நாவலில் பிள்ளை கொஞ்சம் நல்லவராகிவிடுகிறார். குறிப்பில் அவர் தற்பெருமைக்காரர், சூட்சுமக்காரர், தம் ஜாதகத்தில் அளவற்ற நம்பிக்கை உள்ளவர். எனக்கு இந்த மனிதரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

இரண்டாவது, ஏனுகுல வீராசாமியின் காசி யாத்திரை. மூலம் தெலுங்கு, நான் படித்தது மொழிபெயர்ப்பில். வீராசாமி சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டு, திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்குப் போய், கயை, கல்கத்தா, பூரி என்று கிழக்குக் கரையோரமாக 1831 செப்டம்பரில் திரும்பினார். ரயில் வராத காலம். பல்லக்கு, அதைச் சுமக்கும் போயிகள், கூடாரம், பெண்டு பிள்ளைகள், வேலையாட்கள் என்று ஏறக்குறைய நூறு பேர் கொண்ட கூட்டம் அது. போகிற வழியில் கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை என்ற நண்பருக்கு எழுதி அனுப்பியவைதான் பின்னர் 1838இல் புத்தகமானது.

பக்தி நூல் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். மனிதர் சாமி கும்பிட்ட நேரத்தைவிடச் சாலையைப் பார்த்த நேரம்தான் அதிகம் போலிருக்கிறது. இந்த ஊரில் கடை உண்டா, தண்ணீர் நல்லதா, இறங்கத் தோப்போ சத்திரமோ இருக்கிறதா, பாதையில் கல் எவ்வளவு, சேறு எவ்வளவு, எந்த ஊரில் எந்த நாணயம் செல்லும், மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று எல்லாமே பின்னால் வருகிறவனுக்குப் பயன்படும்படி எழுதியிருக்கிறார். நிஜாம் எல்லைக்கும் கம்பெனி எல்லைக்கும் நடுவே வரியும் வழிப்பயமும் எப்படி மாறுகின்றன என்பது, எந்த நிர்வாக வரலாற்றையும்விட இதில் தெளிவு. நடுநடுவே வேதாந்த விசாரம் நீண்டுவிடும். அந்த இடங்களில் நான் பல்லக்கிலிருந்து இறங்கிக்கொண்டேன்.

14ஆம் நூற்றாண்டு மொராக்கோப் பயணி இபின் பதூதாவை ஏற்கெனவே துண்டு துண்டாகப் படித்தவன்தான். இந்த ஆண்டு மதுரைப் பகுதியை மட்டும் நிதானமாகப் படித்தேன். 1325இல் தாஞ்சியரை விட்டுக் கிளம்பியவர், மாலத்தீவில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்துவிட்டு, இலங்கையில் பாவாத மலை (சிவனொளிபாத மலை) ஏறிவிட்டு, சோழமண்டலக் கரையருகே கப்பல் உடைந்து தப்பி, மதுரை சுல்தான் கியாசுதீனிடம் வந்து சேர்கிறார். சுல்தான் உறவுமுறையில் சகலை. ஆனாலும் அவர் சிறைபிடித்தவர்களைக் கொன்ற விதத்தைக் கண்டு பதூதா அருவருக்கிறார். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை என்று எழுதுகிறார். கொடுமையைப் பதிவு செய்த அதே கையால், மாலத்தீவின் மேல் படையெடுக்க அதே சுல்தானைத் தூண்டியதையும் மறைக்காமல் சொல்கிறார். பிறகு மதுரையில் கொள்ளைநோய். சுல்தானின் குடும்பத்தினர் சாகிறார்கள், சுல்தானும் சாகிறார். பதூதாவுக்கும் கடும் காய்ச்சல். அந்த ஊரில் தாராளமாகக் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்து, வயிறு கழிந்து, பிழைத்தாராம்! உலகம் சுற்றிய மனிதரை மதுரையில் காப்பாற்றியது நம் வீட்டுப் புளி.

ஒரு எச்சரிக்கை: இது நாட்குறிப்பு அல்ல. ஊர் திரும்பிய பின், 1350களில், இபின் ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் வாயால் சொல்லி எழுதவைத்தது. அவருடைய குறிப்புகள் கடற்கொள்ளையில் போய்விட்டன. எனவே சில இடங்களில் அவர் உண்மையிலேயே போனாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போகட்டும். புளிக் கதையைக் கற்பனை செய்யும் அவசியம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' ஒரே அமர்வில் முடிந்தது. 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தி பற்றி ஆவணப்படம் எடுக்கலாம் என்று தோன்றுகிறது. பிறகு உலகம் முழுக்க அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டேவிடுகிறார். இப்படி ஒரு காரியத்தைச் செய்த மனிதர் எவ்வளவு பீற்றிக்கொள்ளலாம்! இவரோ தம்மைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார். சின்னச் சின்ன வாக்கியங்கள், அடைமொழி கிடையாது, அழுகையும் கிடையாது. பயணக் கட்டுரை என்றால் விமான நிலையத்தில் காபி குடித்ததில் ஆரம்பிக்கும் நம் இன்றைய எழுத்தாளர்களுக்கு இதைக் கட்டாயப் பாடமாக வைக்கலாம்.

அமிதாவ் கோஷின் 'இன் ஆன் ஆன்டிக் லேண்ட்' மறுவாசிப்பு, ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை. மங்களூரில் வாழ்ந்த 12ஆம் நூற்றாண்டு யூத வணிகர் பென் யிஜுவுக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்கள் இரண்டாம் முறையும் சலிக்கவில்லை. எகிப்திய கிராமத்துப் பகுதி இந்த முறை சற்று நீளமாகத் தோன்றியது.

பிடிக்காதவை பற்றியும் கேட்பீர்கள். பெயர் வேண்டாம். மன்னர்கள் எல்லோரும் மகா புத்திசாலிகளாகவும், எந்தப் போரின் முடிவும் அது தொடங்கும் முன்பே ஆசிரியருக்குத் தெரிந்ததாகவும் இருந்த இரண்டு தடித்த புத்தகங்களைப் பாதியில் மூடிவிட்டேன்.

பிள்ளையைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் தொகுதியில் ஆரம்பிக்காதீர்கள், அது மெதுவாக நகரும். 1746ஆம் ஆண்டுக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப்பட்டணம் விழுவதிலிருந்து 1748 முற்றுகை வரை படித்துவிட்டு, பிறகு பின்னால் போகலாம். பழைய நடைக்குக் கண் பழக முப்பது நாற்பது பக்கம் ஆகும். அதுவரை வாய்விட்டுப் படித்தால் எளிதாக இருக்கும்.