டீசல் எஞ்சினும் மீன்பாடி வண்டியும்: சில கேள்விகள், சில பதில்கள்

வட சென்னையில் டீசல் எஞ்சின்களைப் படம் எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. நான் நினைத்ததைவிட நிறைய வந்துவிட்டது. நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். மாமா கொடுத்த யாஷிகா கேமராவோடு பள்ளிக்கூட வயதில் தண்டவாளத்துப் பக்கம் போக ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நம்ம ஏரியா லைன் எல்லாம் எப்பவோ கரண்ட் லைன் ஆயிடுச்சு. இங்க டீசலுக்கு எங்க போறது? (கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

நியாயமான கேள்வி தம்பி. சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி வரை 1979லேயே கம்பி போட்டாகிவிட்டது. 1980ல் அது விஜயவாடா வரை போய்விட்டது. நான் கேமராவைத் தொடுவதற்கு முன்பே மெயில், எக்ஸ்பிரஸ் எல்லாம் இந்தத் தடத்தில் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. அப்படியும் வட சென்னையில் டீசல் சத்தம் ஓயவில்லை. அதற்கு முதல் காரணம் தண்டையார்பேட்டை. டீசல் எஞ்சின்களைப் பராமரிக்கிற ஷெட் அங்கேதான் இருக்கிறது. எஞ்சினின் உடம்பில் அந்த ஷெட்டின் குறியீடான டி.என்.பி. என்று எழுதியிருந்தால் அது நம்ம ஊர்ப் பிள்ளை.

இரண்டாவது காரணம் சைடிங், அதாவது சரக்கு ஏற்றி இறக்குகிற கிளைத் தடம். எண்ணெய் டேங்கரில் மேலே ஏறி நின்று மூடியைத் திறந்துதான் நிரப்புகிறார்கள். அந்த ஆளின் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி போக முடியுமா? துறைமுகத்தில் கிரேன் கன்டெய்னரைத் தூக்குகிற இடத்திலும் இதே கதைதான். கம்பி இல்லாத அந்தக் கடைசி அரை கிலோமீட்டருக்கு டீசல்தான் வந்தாக வேண்டும். அதனால் இங்கே டீசல் என்றால் பறக்கும் எக்ஸ்பிரஸை நினைக்காதீர்கள். ரேக்கை (கோத்த பெட்டி வரிசையை) பின்னால் தள்ளி, நிறுத்தி, கழற்றி, மறுபடி முன்னால் இழுக்கிற ஷன்டிங்கை நினையுங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், அத்திப்பட்டு என்று இந்த வரிசையில் எங்கே போய் நின்றாலும் பொறுமைக்குப் பலன் உண்டு.

எஞ்சின் மேல இருக்கிற எழுத்துக்கு என்ன சார் அர்த்தம்?

முதல் எழுத்து தடத்தின் அகலம். டபிள்யூ என்றால் பிராட்கேஜ், ஒய் என்றால் மீட்டர்கேஜ். அடுத்த எழுத்து டி என்றால் டீசல். மூன்றாவது எழுத்து வேலையைச் சொல்லும். எம் என்றால் சரக்கு, பயணிகள் இரண்டுக்கும் பொது, ஜி என்றால் கூட்ஸ், பி என்றால் பயணிகள் வண்டி, எஸ் என்றால் ஷன்டிங். கடைசியில் வருகிற எண் மாடலைக் குறிக்கும். அப்போது டபிள்யூ.டி.எஸ்-6 என்றால் என்ன என்று நீங்களே சொல்லிவிடலாம். ஷெட்டின் பெயர் தனியாக இருக்கும். ஜி.ஓ.சி. பொன்மலை, ஈ.டி. ஈரோடு, ஈ.ஆர்.எஸ். எர்ணாகுளம், ஜி.ஒய். ஆந்திராவின் குத்தி நகரம்.

பழைய எஞ்சின் கிளம்பும்போது குபுகுபுவென்று கரும்புகை விடுமே, அது ஏன்? அதை எப்படி எடுப்பது? (மூன்று பேர் கேட்டது)

எனக்குப் பிடித்த கேள்வி. நீங்கள் சொல்வது ஆல்கோ குடும்பம். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. டபிள்யூ.டி.எம்-2 முதலில் 1962ல் அங்கிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியில் செய்தார்கள். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். நம் தலைமுறையின் 'டீசல் எஞ்சின்' என்ற சொல்லுக்கே உருவம் கொடுத்தது அதுதான்.

டிரைவர் கைப்பிடியில் எட்டு நாட்ச், அதாவது எட்டுப் படி உண்டு. ஒன்றில் இருந்து இரண்டு, மூன்று என்று ஏற்றியதும் சிலிண்டருக்குள் டீசல் உடனே அதிகமாகப் போய்விடும். ஆனால் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுகிற சாமான். அது வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடிக்கு டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத கரிதான் கறுப்பாகக் கிளம்புகிறது. டர்போ சூடுபிடித்ததும் புகை தானாக மெலியும். அதனால் புகை வேண்டுமென்றால் வண்டி ஓடுகிற இடத்தில் நிற்காதீர்கள், கிளம்புகிற இடத்தில் நில்லுங்கள். சிவப்பு சிக்னலில் கனமான கூட்ஸ் நிற்கிறது என்றால் அதுதான் நேரம். பச்சை விழுந்ததும் பிரேக் விடுகிற சீற்றம் கேட்கும், பிறகு எஞ்சின் அடித்தொண்டையில் உறும ஆரம்பிக்கும். கேமரா அதற்குள் கண்ணில் இருக்க வேண்டும்.

புதிய டபிள்யூ.டி.ஜி-4, டபிள்யூ.டி.பி-4 வகைகளில் இந்தக் கூத்து கிடையாது. அவை ஈ.எம்.டி. என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் வகை, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். ஆல்கோ 'டக்கு டக்கு' என்று தாளம் போட்டால் இவை ஒரே சீராக ரீங்காரம் போடும். வேலையில் கெட்டி, படத்துக்குக் கொஞ்சம் சப்பை. இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

ஒரே ஒரு விஷயம். டிரைவரைப் பார்த்துக் கையாட்டிப் புகை விடச் சொல்வது, ஹாரன் அடிக்கச் சொல்வது எல்லாம் வேண்டாம். அவர் வேலையில் இருக்கிறார்.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நின்று எடுக்கலாம்?

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கொருக்குப்பேட்டையில் இருந்து எண்ணூர் வரை தடம் ஏறக்குறைய தெற்கு வடக்காகப் போகிறது. கடல் கிழக்கே. ஆகவே காலையில் கடல் பக்கமாகவும் மாலையில் மேற்கேயும் நின்றால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், எஞ்சினின் பக்கவாட்டு நன்றாக விழும்.

முகம் வேறு விஷயம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும். அப்போது கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இருந்து சென்னை நோக்கி வருகிற வண்டியின் மூஞ்சியில்தான் வெளிச்சம் இருக்கும். சென்னையில் இருந்து வடக்கே போகிற வண்டியின் முகம் இருட்டடித்துவிடும். வைகாசி, ஆனியில் கதை தலைகீழ், சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சரியாக உச்சந்தலையில். அந்த நாட்களில் பத்து மணிக்கு மேல் கேமராவை மூடிவிட்டு மோர் குடிக்கப் போய்விடுவேன். எஞ்சினுக்கு அடியில் கறுப்புப் பட்டை விழுந்து சக்கரமே தெரியாது. அதோடு ஜல்லிக்கு மேல் கானல் வேறு நெளியும். டெலி லென்ஸில் எடுத்தால் தண்டவாளம் இடியாப்பம் மாதிரி வரும், ஃபோகஸ் சரியில்லை என்று லென்ஸைத் திட்டுவீர்கள்.

மழைக்கு முந்தின மாலை கிடைத்தால் விடாதீர்கள். மேகம் கறுத்துக் கிடக்க, மேற்கே ஒரு சந்தில் இருந்து வெயில் வந்து எஞ்சின் மேல் மட்டும் விழும்.

போன் கேமரா போதுமா அங்கிள்?

ஷன்டிங்குக்கு நன்றாகவே போதும், நடக்கிற வேகம்தானே. ஓடுகிற வண்டி என்றால் அது வரப்போகிற இடத்தின் தண்டவாளத்தில் முன்கூட்டியே விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், பிறகு தொடர்ச்சியாகப் பத்துப் படம் தட்டுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் வேகத்தை வேகமான வண்டிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி, ஷன்டிங்குக்கு 250ல் ஒரு பங்கு என்று வையுங்கள். இருண்ட நிற எஞ்சின் ஃபிரேம் முழுக்க நிறைந்தால் கேமரா ஏமாந்து படத்தை வெளுக்க வைத்துவிடும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். வானம் அதிகம் வந்தால் எதிர்மாறு.

போலீஸ் பிடிக்குமா?

தடத்துக்குள் இறங்கினால் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147: அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அபராதத்தை விடுங்கள். இரட்டைத் தடத்தில் ஒரு கூட்ஸைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது பின்னால் வருகிற மின்சார வண்டியின் சத்தம் காதில் விழாது.

பிளாட்பாரம் என்றால் பத்து ரூபாய் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நில்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வாதாடாமல் வந்துவிடுங்கள், இன்னொரு நாள் இன்னொருவர் இருப்பார். துறைமுக வாசல், எண்ணெய் கம்பெனி வாசல், அனல்மின் நிலையப் பக்கம் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள். விளம்பரம், குறும்படம் என்றால் தெற்கு ரயில்வேயில் முறையாக அனுமதி வாங்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் வருத்தப்பட்ட படம் எது? (ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

ஐயா, இரண்டு உண்டு.

ஒன்று, எடுக்காத படம். பேசின் பிரிட்ஜில் ஒரு காலை, இரண்டு டபிள்யூ.டி.எம்-2 ஜோடியாகக் கோத்துக்கொண்டு ஒரு நீளமான கூட்ஸை இழுத்துக்கொண்டு வந்தன. இரண்டும் சேர்ந்து விட்ட புகையில் ஒரு நிமிடம் சூரியன் மறைந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று தடவை அழுத்தினேன். 36 படத்தைத் தாண்டியும் கவுன்ட்டர் ஓடிக்கொண்டே இருந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஃபிலிமின் நாக்கு பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. ரோல் புத்தம் புதிதாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அன்றில் இருந்து ஒவ்வொரு முறை ஃபிலிமைத் தள்ளும்போதும் சுருட்டுகிற குமிழ் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார்ப்பேன். இன்று டிஜிட்டல் கேமராவிலும் இடது கட்டைவிரல் அந்த இல்லாத குமிழைத் தேடுகிறது.

இரண்டாவது, கெட்டுப்போனது என்று ஒதுக்கிய படம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். டபிள்யூ.டி.எஸ்-6 ஒன்று டேங்கர்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. கடைசி டேங்கரின் ஏணியில் ஷன்டிங்குக்குக் கொடி காட்டுகிற ஊழியரான பாயின்ட்ஸ்மேன் ஒரு கையால் தொற்றிக்கொண்டு இன்னொரு கையில் பச்சைக் கொடி. நான் அழுத்துகிற நொடியில் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) குறுக்கே வந்து நின்றுவிட்டது. மேலே ஐந்தாறு பிளாஸ்டிக் குடம், ஒரு பழைய டயர், அதன்மேல் சம்மணம் போட்ட ஒரு பையன். எஞ்சினில் பாதி மறைந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அந்தப் பிரின்ட்டை டப்பாவுக்கு அடியில் போட்டேன்.

இன்று என்னிடம் யார் வந்தாலும் கேட்கிற படம் அதுதான். முழு எஞ்சின் நேராக நிற்கிற படம் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. நம்பரை மறைத்துவிட்டால் எது பேசின் பிரிட்ஜ், எது ஈரோடு என்று எனக்கே தெரியாது. இந்தப் படம் வட சென்னை என்று ஒரு பார்வையில் தெரிகிறது. சுவரில் இருக்கிற தேர்தல் எழுத்தைப் பார்த்து வருடத்தைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மூன்று படத்தில் இரண்டை எஞ்சினுக்கு எடுங்கள், ஒன்றை நாலு அடி பின்னால் தள்ளி நின்று, கேட், டீக்கடை, கொடி பிடித்தவர் எல்லாம் வரும்படி எடுங்கள்.

அப்பா எடுத்த நெகடிவ் ஒரு பெட்டி இருக்கிறது. வெள்ளையாகப் பூத்திருக்கிறது. (திருவொற்றியூர் சகோதரி)

அது பூஞ்சைம்மா. கடற்கரை ஈரத்துக்கு வருவது. தண்ணீரில் கழுவவோ துணியால் துடைக்கவோ வேண்டாம், ஃபிலிமின் மேல்பூச்சே கரைந்து வந்துவிடலாம். முதலில் பெட்டியை விட்டு எடுத்து நிழலில் உலர விடுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். கையோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் வெள்ளை வெளிச்சப் பலகையின் மேல் நெகடிவை வைத்து மேக்ரோ லென்ஸால் படம் எடுத்துக் கணினியில் நிறத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கவரின் மேல் அப்பா ஏதாவது எழுதியிருந்தால் அந்தக் கவரையும் எடுத்துவிடுங்கள். தேதியும் ஊரும் அதில்தான் இருக்கும்.

ராயபுரம் ஸ்டேஷனில் என்ன எடுப்பது?

கட்டடத்தை. 1856 ஜூலை 1ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்ததே 1873ல்தான். காலை வெயிலில் அந்தத் தூண்களுக்கு முன்னால் ஒரு டீசல் நகர்ந்தால் அதிர்ஷ்டம். நகராவிட்டாலும் தூண்கள் எங்கும் போகாது.

டீசல் இன்னும் எத்தனை நாளைக்கு?

வாரணாசி டீசல் தொழிற்சாலை 2017ல் மின்சார எஞ்சின் செய்ய ஆரம்பித்தது, 2020ல் பெயரில் இருந்தே டீசலை எடுத்துவிட்டார்கள். இதைவிட நான் என்ன சொல்ல? ஆல்கோ ஏதாவது கண்ணில் பட்டால் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று போகாதீர்கள். ராமேஸ்வரம் வண்டியைப் பழைய பாம்பன் பாலத்தின் மேல் பொன்மலை டீசல் இழுப்பதை நிதானமாகப் போய் எடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள்.

எட்டு வயசுப் பையன் ரயில் ரயில்னு உயிரை எடுக்கிறான். எங்க கூட்டிட்டுப் போறது? (எண்ணூர் அம்மா ஒருவர்)

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்தில் இருக்கிற ரயில் அருங்காட்சியகம். பழைய எஞ்சின்களைத் தொட்டே பார்க்கலாம். போகும்போது பஸ் வேண்டாம், மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். தண்டையார்பேட்டை யார்டு வரும்போது எஞ்சின்களை எண்ணச் சொல்லுங்கள், அதுவரை உயிரை எடுக்க மாட்டான்.

உங்களோடு ஒரு நாள் வரலாமா அண்ணே?

தாராளமாக. வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குக் கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் இருப்பேன். தொப்பி, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு கொண்டு வாருங்கள், எஞ்சின் நம்பரையும் நேரத்தையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். டீ என் செலவு. பன் பட்டர் அவரவர் செலவு.