கிராஃபைட் ஷாஃப்டில் ஸ்பைன்: கேள்வி பதில்

கேள்வி: கோல்ஃப் மட்டையின் தண்டான ஷாஃப்டில், ஒரு திசையில் மட்டும் விறைப்பு கூடும் ஸ்பைன் எப்படி வருகிறது, சார்?

பதில்: செய்முறையிலேயே வந்துவிடுகிறது. பிசின் ஊறிய கார்பன் தாள்களை எஃகு அச்சின் மேல் சுற்றி, டேப்பால் இறுக்கி, சூளையில் வேகவைக்கிறார்கள். தாளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் தடித்துப்போகும். அந்தத் திசையில் ஷாஃப்ட் சற்று விறைப்பாக நிற்கும்.

கேள்வி: ஷாஃப்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் கருவியில் வளைத்துச் சுழற்றினால் ஓரிடத்தில் வந்து நிற்கிறது. அதுதானே ஸ்பைன்?

பதில்: அதை நம்பி ஷாஃப்டை மட்டைத் தலையில் ஒட்டிவிடாதீர்கள். ஷாஃப்டில் துளி கோணல் இருந்தாலும் பேரிங் அதைத்தான் காட்டும். விறைப்பு அதில் மறைந்துபோகும். நான் நம்புவது அலைவுச் சோதனையை. அசையாத வைஸில் (இறுக்குப் பிடியில்), நசுங்காதபடி ரப்பர் வைத்து, கைப்பிடிப் பக்கமான பட் முனையை இறுக்குங்கள். தலை மாட்டும் முனையான டிப்பில், டிரைவர் (தொலைவுக்கு அடிக்கும் மட்டை) தலை அளவுக்குச் சுமார் 200 கிராம் எடையை மையம் பிசகாமல் மாட்டி, அதில் சிறு லேசரும் பொருத்துங்கள். நேர் கீழே இழுத்து விடுங்கள். சுவரில் புள்ளி முட்டை வடிவில் சுற்றினால் ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இழுங்கள். ஒரே கோட்டில் போய்வரும்போது பென்சிலால் குறியுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய 90 பாகையில் இன்னொரு கோடும் கிடைக்கும். இரண்டில் வேகமாக அதிர்வது விறைப்பான தளம். அதிர்வெண் மீட்டர் இருந்தால் உடனே தெரிந்துவிடும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் இதில் கோணல் நம்மை ஏமாற்றாது.

கேள்வி: எந்தத் தளம் இலக்கை நோக்க வேண்டும்?

பதில்: இதில் கைதேர்ந்தவர்களே ஒத்துப்போவதில்லை. நான் விறைப்பானதை வைப்பேன். எதை எடுத்தாலும் செட்டில் உள்ள எல்லா அயர்னுக்கும் (உலோகத் தகடு போன்ற தலை உள்ள மட்டைகளுக்கும்) அதையே வையுங்கள்; அதுதான் முக்கியம்.

கேள்வி: என் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைகிறது. ஸ்பைனைத் திருப்பிச் சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. எப்படித் திருப்பினாலும் ஷாஃப்ட் ஒரே அளவு வளைய வேண்டும் என்பது கோல்ஃப் விதி. தயாரிப்பில் நேர்ந்த சிறு ஏற்றத்தாழ்வை அடக்கத்தான் ஸ்பைன் பார்த்து ஒட்டும் இந்த வேலை. வளையும் பந்துக்கு மருந்து ஸ்விங்கில் இருக்கிறது.

கேள்வி: டிரைவரின் ஸ்லீவை (ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் உறையை) திருப்பி லாஃப்ட் (தலை முகத்தின் சாய்வு) மாற்றினால் என்ன ஆகும்?

பதில்: ஸ்லீவோடு ஷாஃப்டும் திரும்பும் வகையானால் நீங்கள் வைத்த கோடு விலகிவிடும். வழக்கமாக ஆடும் நிலையில் ஸ்லீவை வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே ஒட்டியதைக் கழற்றலாமா?

பதில்: கழற்றலாம். ஷாஃப்ட் நுழையும் தலையின் கழுத்தான ஹோசலை மட்டும் அளவாகச் சூடாக்கி, புல்லரால் (ஷாஃப்டை உருவும் கருவியால்) நேராக இழுங்கள். முறுக்கினால் உள்ளே இழை பிளந்துவிடும், வெளியே தெரியாது.