உச்சியில் பந்து நிற்கிறதா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். சாய்வாக எறிந்த பந்துக்குப் பெரும உயரத்தில் திசைவேகம் சுழி என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது. மேலே போகிற பொருள் உச்சியில் ஒரு கணம் நின்றுதானே இறங்கும்?

பதில்: நேர் மேலே எறிந்தால் நிற்கும். சாய்வாக எறிந்தால் நிற்காது. அங்கே சுழியாவது செங்குத்துக் கூறு, அதாவது திசைவேகத்தின் மேல்-கீழ்ப் பங்கு, மட்டும்தான்.

எண்களைப் போட்டே பார்த்துவிடலாம். பந்து விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 53 டிகிரி சாய்வில் கிளம்புகிறது. கோசைன், சைன் போட்டுப் பிரித்தால் கிடைத்தளக் கூறு 15, செங்குத்துக் கூறு 20. (3-4-5 முக்கோணம் வருவதால் கணக்கு சுளுவாக முடியும், கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இந்தக் கோணம் பிடிக்கும்.) ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். செங்குத்து வேகம் விநாடிக்கு விநாடி 20, 10, 0, −10, −20 என்று மாறும். நாலாவது விநாடியில் பந்து தரையில். அதுவரை கிடைத்தள வேகம் 15-ஐ விட்டு அசையாது. ஈர்ப்பு கீழ்நோக்கித்தான் இழுக்கிறது, பக்கவாட்டில் இழுக்க எதுவும் இல்லை. காற்றுத் தடையைச் சேர்த்தால் கதை வேறு. உங்கள் பாடத்தில் அது வராது.

ஆக, 20 மீட்டர் உயரத்தில், உச்சியில், பந்தின் வேகம் 15. முடுக்கமும் அங்கே சுழி ஆகாது, அதே 10தான். அது இல்லையென்றால் பந்து கீழே திரும்பவே திரும்பாது.

மதிப்பெண் அதிகம் போகிற இடம் இன்னொன்று: உச்சிக்குப் போகும் நேரம் கேட்டால் 25-ஐ 10-ஆல் வகுத்து 2.5 விநாடி என்று எழுதுவது. செங்குத்துச் சமன்பாட்டுக்குள் 20-தான் போக வேண்டும். விடை 2 விநாடி. கலிலியோ 1638-இல் வெளியான நூலில் இயக்கத்தை இப்படி இரண்டாகப் பிரித்துத்தான் பாதை பரவளையம் என்று காட்டினார். இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டுமே. அதைச் செங்குத்தில் கண்டுபிடித்து, கிடைத்தளத்துக்கு எடுத்துப் போங்கள்: பறக்கும் நேரம் 4 விநாடி, எனவே 15 × 4, 60 மீட்டர். விழும் இடம்வரையான இந்தக் கிடைத்தளத் தூரம்தான் நெடுக்கம்.

மாடியிலிருந்து எறியும் கணக்கு வந்தால் மனப்பாடம் செய்த நெடுக்கச் சூத்திரத்தைத் தொடாதீர்கள். கிளம்பும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது செல்லும். 20 மீட்டர் உயர மாடியிலிருந்து கிடையாக 15 வேகத்தில் எறிந்தால், தொடக்கச் செங்குத்து வேகம் 0, விழ 2 விநாடி, தூரம் 30 மீட்டர். தரையைத் தொடும்போது செங்குத்து வேகம் 20. அப்புறம் மொத்த வேகம் கேட்பார்கள். 15-ஐயும் 20-ஐயும் கூட்டி 35 என்று எழுதிவிட வேண்டாம். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 25.