பதில்: ஏசி ரூம்ல சேலை கால்ல சுத்திக்குது

சிஸ், பாலியஸ்டர் சேலை ஆபீஸ்ல மட்டும் இன்ஸ்கர்ட்டோட ஒட்டிக்குதுன்னு கேட்டிருந்தீங்க, தப்பு சேலை மேல இல்ல, ஜோடிதான் சரியில்ல. இன்ஸ்கர்ட் நைலான்னு வேற சொல்றீங்க, நடக்க நடக்க ரெண்டும் உரசிப் பிரியும்போது நைலான்ல ப்ளஸ் சார்ஜ் (மின்னூட்டம்) ஏறிடும் பாலியஸ்டர்ல மைனஸ் சார்ஜ் ஏறிடும், அப்புறம் ஒண்ண ஒண்ணு இழுக்காம என்ன பண்ணும்? வெளிய காத்துல ஈரம் இருக்கறதால சார்ஜ் கசிஞ்சு போயிடும், ஏசி ரூம்ல ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு கீழ போச்சுன்னா அப்படியே நிக்கும். முதல்ல காட்டன் இன்ஸ்கர்ட்டுக்கு மாறுங்க, அது ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், பாதி தொல்லை அதுலயே போயிடும். அலசுற கடைசி தண்ணில கொஞ்சம் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊத்துங்க. அவசரத்துக்கு கைய லேசா நனைச்சு இன்ஸ்கர்ட் மேல தடவினா போதும். கதவு கைப்பிடில சுருக்குன்னு அடிக்குதே அதுக்கு பயப்படாதீங்க, வோல்ட் ஆயிரக்கணக்குல இருந்தாலும் சார்ஜ் ரொம்ப கம்மி.