வள்ளிமலை முருகனும் சமண முனிவர்களும்

கேள்வி: சென்ற ஆடிக் கிருத்திகையன்று குடும்பத்துடன் வள்ளிமலை சென்று முருகனைத் தரிசித்துவிட்டு, சமணர் குகையையும் பார்த்து வந்தோம். "இது முதலில் சமணர் மலை, பிறகுதான் முருகன் கோயிலாக மாற்றினார்கள்" என்கிறார் என் மாமனார். குகைச் சிற்பம் ஒன்றின் கீழே 'தேவசேன' என்ற பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்ட என் மகனோ, அது தெய்வயானை அம்மன்தான் என்று சாதிக்கிறான். எது சரி?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் மகனுக்கு எழுந்த ஐயம் இயல்பானது, முருகன் மலையில் தேவசேனை என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் தெய்வயானை நினைவுதான் வரும். ஆனால் அங்கே குறிக்கப்படுபவர் பவநந்தி என்பவரின் மாணவராகிய தேவசேனர் என்னும் சமண முனிவர். இப்பகுதியை ஆண்ட வாணர் மரபு அரசரின் குரு என்ற குறிப்பும் அக்கல்வெட்டில் வருகிறது. வாணர்களின் ஊரான வாணபுரம் வேறெங்கும் இல்லை, இன்று நாம் வில்வநாதரை வணங்கச் செல்லும் திருவல்லம்தான். வள்ளிமலையும் திருவல்லமும் பொன்னையாற்றின் அருகிலேயே இருப்பதை எண்ணிப் பார்த்தால், அரசரின் குருவுக்கு இந்த மலையில் உருவம் அமைந்ததில் வியப்பில்லை. அச்சணந்தி என்ற முனிவரின் பெயரும் அங்கே உண்டு. மதுரைப் பக்கத்துச் சமண மலைகளிலும் அப்பெயரைக் காணலாம்.

உங்கள் மாமனாரின் கூற்றில் பாதிக்குச் சான்று இருக்கிறது. கிரந்தத்திலும் கன்னடத்திலும் அமைந்த அந்தக் கல்வெட்டுகளுள் ஒன்று, சிவமாரன், அவன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் ரணவிக்கிரமன் என்று வரிசையாகச் சொல்லி, ரணவிக்கிரமனின் மகனான கங்க அரசன் இராசமல்லன் மலைகளில் சிறந்த இம்மலையைக் கண்டு, அதைக் கைக்கொண்டு, சமணப் பள்ளி, அதாவது சமணர் வழிபாட்டிடம், நிறுவினான் என்கிறது. காலம் 9ஆம் நூற்றாண்டு. 'கைக்கொண்டு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, யாரிடமிருந்து என்று கேட்பவர்கள் உண்டு. கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லாததை அதன் வாயில் நாம் திணிப்பது நியாயமாகாது.

மறுபக்கம், வள்ளியின் கதை இந்தக் கல்வெட்டைவிட மிகப் பழையது. நற்றிணையின் 82ஆம் பாடலிலேயே 'முருகு புணர்ந்து இயன்ற வள்ளி' என்ற உவமை வந்துவிடுகிறது. ஆயினும் அப்பாடல் எந்த மலையின் பெயரையும் குறிக்கவில்லை. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் பிறந்த பெண்ணை நம்பிராசன் எடுத்து வளர்த்த கதையை இந்த மலையோடும் பக்கத்து மேற்பாடியோடும் சேர்த்துப் பாடியது பிற்காலத்துக் கந்தபுராணம். அருணகிரிநாதரும் திருப்புகழில் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். பாறைக்குள் அமைந்த முருகன் சந்நிதி ஓரிடம், சமணச் சிற்பங்கள் உள்ள இயற்கைக் குகை வேறிடம். ஒன்றை இடித்து மற்றொன்றைக் கட்டியதாகக் காட்டும் தடயம் அந்தக் குகையில் இல்லை. தீர்த்தங்கரர்கள் செதுக்கிய இடத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே 'மாற்றினார்கள்' என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் கடைசியாகச் சென்றபோது, அமர்ந்த தீர்த்தங்கரர் ஒருவரின் மார்பில் யாரோ திருநீற்றைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். பக்தியோடு செய்ததாகவே இருக்கட்டும். ஆனால் ஈரத்தோடு அப்பிய திருநீறு வழிந்து, சிற்பத்தின் கீழுள்ள எழுத்தின் பள்ளங்களில் இறுகிவிட்டால், 1,100 ஆண்டுகளுக்கு மேல் நின்ற வரியைப் படிக்கவே முடியாமல் போய்விடும். சாக்குக்கட்டியால் எழுத்தின் மேல் தேய்த்துப் படமெடுப்பதும் அதே கேட்டைச் செய்யும். மாலை வெயில் சாய்வாக விழும்போது, அல்லது கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், தொடாமலே எழுத்துகள் தெரியும்.

மாமனாருக்கு இதில் ஆர்வம் மிகுதி என்றால், ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்துப் பஞ்சபாண்டவர் மலைக்கும் அவரை அழைத்துச் செல்லுங்கள். பெயரில் பாண்டவர் இருந்தாலும் அங்கே கல்வெட்டில் இருப்பவர் பொன்னியக்கியார் என்னும் சமண யக்கி, அதாவது சமணர் வணங்கும் பெண் தெய்வம். பல்லவ மன்னன் நந்திவர்மனின் 50ஆம் ஆட்சியாண்டில் நாகநந்தி குரவரின் உருவத்தோடு செதுக்கப்பட்டவர்.