தலை திரும்பினால் படமும் திரும்ப வேணும்: எக்ஸ்ஆர் கேள்வி பதில்

கல்லடிதான் சொந்த இடம். எக்ஸ்ஆர் (XR) தலையணிகளுக்கு, அதாவது தலையில் மாட்டினால் மாய உலகத்தையோ நிஜ இடத்தில் மாயப் பொருளையோ கண்முன் காட்டும் கருவிகளுக்கு, சிப்பையும் மென்பொருளையும் சேர்த்தே வடிவமைக்கும் வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

அண்ணா, நல்ல சிப்பாக வாங்கிவிட்டு மென்பொருளைப் பிறகு எழுதினால் என்ன? (வந்தாறுமூலை மாணவர்)

சரிவராது தம்பி. தலை அசைந்து, அதற்கேற்ற படம் கண்ணுக்கு வந்து சேர ஏறத்தாழ 20 மில்லி செக்கன்தான் அவகாசம். பிந்தினால் தலை சுத்தும், குமட்டும். கமரா, அசைவு சென்சர், இடத்தைக் கணிப்பது, படம் வரைவது, திரை எல்லாத்துக்கும் அந்த 20தான். செக்கனுக்கு 90 படம் காட்டும் 90 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு பிரேமே, அதாவது ஒரு படமே, ஏறத்தாழ 11 மில்லி செக்கன். அப்பிளின் விஷன் புரோ தலையணியில் 12 கமராக்களின் தரவைக் கவனிக்க ஆர்1 என்று தனிச் சிப்பே வைத்தது இதற்காகத்தான்.

ஹார்ட்வெயாரைத் தொடாமல் அந்த நேரத்தைக் குறைக்க ஏலாதா அண்ணா? (ஒலுவில் மாணவி)

ஓரளவு ஏலும் தங்கச்சி. வரைந்து முடித்த படத்தை, திரைக்கு அனுப்பும் கடைசி நொடியில் தலை இருக்கும் நிலைக்கு ஏற்றபடி கொஞ்சம் நகர்த்திக் கொடுப்போம். ஆனால் அதற்குச் சென்சர் சொல்லும் நேரம் சரியாக இருக்க வேணும்.

எங்கட முதல் மாதிரியில் மேசையில் வைத்த மாயக் கோப்பை, தலையைத் திருப்பினால் மிதந்தது. இருட்டறையில் இன்னும் மோசம். வாரக்கணக்காக, இடத்தைக் கணிக்கும் கணக்கைத்தான் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், கமரா ஒளி வாங்கிய நேரத்தைக் குறிக்காமல் படம் மெமரிக்கு வந்த நேரத்தைக் குறித்திருக்கிறோம். வெளிச்சம் குறைந்தால் ஒளி வாங்க அதிக நேரம் எடுக்கும், பிழையும் கூடும். கமராவின் சிக்னலை அசைவு சென்சரின் கடிகாரத்தோடு கம்பியால் இணைத்த பிறகுதான் கோப்பை இருந்த இடத்தில் இருந்தது. சர்க்கிட் போர்ட் வரையும்போதே மென்பொருள் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வாரங்கள் மிச்சம்.

தம்பி, கச்சான் காத்து வீசினா போனே கொதிக்குது. இதைத் தலையில மாட்டலாமா? (சாய்ந்தமருது வாசகர்)

நல்லாக் கேட்டீங்க நானா. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைக் குறைக்கும், பிரேம் தவறும். கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் ஏறத்தாழ 2 பாகை மட்டும்தான். பார்க்கும் இடத்தைத் தெளிவாகவும் ஓரத்தை மங்கலாகவும் வரைந்தால் வேலையும் சூடும் குறையும். அதற்குக் கண்ணைக் கவனிக்கும் கமரா வேணும், அதுவும் மின்சாரம் தின்னும். ஏசி அறையில் மட்டும் சோதித்த தலையணியை நான் நம்பமாட்டேன்.

தலையணி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் எங்கே தொடங்கலாம்? (களுவாஞ்சிகுடி ஆசிரியர்)

சேர், இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலிக்சர் (ILLIXR) என்ற திறந்த மூல எக்ஸ்ஆர் மென்பொருள் இருக்கு. முன்பே பதிந்த கமரா, சென்சர் தரவை வைத்து லினக்ஸ் கணினியில் ஓட்டலாம். எந்தப் பகுதி எத்தனை மில்லி செக்கன் எடுக்குது என்று பிள்ளைகளே அளந்து எழுதட்டும்.